மணலுக்குள் போன ராஸ் மீனும் கோத்தகிரிக் குளிரும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் கேரட்டும் வைத்திருக்கிறோம். மகளின் ஆசைக்காக வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் கடல்மீன் தொட்டி வைத்து ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன்களும் கடையில் வாங்கிய காளான் பவளமும் நன்றாக இருக்கின்றன. நாலு நாளைக்கு முன் சென்னை கொளத்தூரிலிருந்து மெலனூரஸ் ராஸ் மீன் ஒன்று வரவழைத்தோம். நீலப்பச்சை உடம்பில் ஆரஞ்சு வரி, பார்க்க அவ்வளவு அழகு. தொட்டியில் விட்ட ஐந்தே நிமிடத்தில் காணாமல் போனதுதான், இன்றுவரை கண்ணில் படவில்லை. செத்து அழுகித் தொட்டியைக் கெடுத்துவிடுமோ என்று பயம். மணலைக் கிளறிப் பார்க்கலாமா? தரையில் ஒரு அங்குலத்துக்குப் பவளச் சில்லு போட்டிருக்கிறோம். விடியற்காலையில் கூடம் 13 டிகிரி, தொட்டித் தண்ணீர் 20 டிகிரி. ஹீட்டர் 150 வாட். உப்புக் கலக்க ஊற்றுத் தண்ணீரும் கெய்சர் சுடுதண்ணீரும் சேர்த்துக்கொள்கிறோம். ராமேஸ்வரத்திலிருந்து உயிர்ப்பாறை (கடலிலிருந்து உயிர்களோடு எடுக்கும் பாறை) கொண்டுவருவதாகச் சொந்தக்காரர் சொல்கிறார், வாங்கலாமா? துணைக்குச் சிக்ஸ்லைன் ராஸ் ஒன்று விடலாமா?

பதில்: கிளறாதீர்கள். பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

தேயிலைக் கொப்புள நோய்க்கும் உருளைக்கிழங்கு கருகலுக்கும் பதில் எழுதும் இடத்தில் பவளக்கடல் மீனுக்கு எழுதுவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்வியில் இருக்கும் சிக்கல் முழுக்க மலைச் சிக்கல். கடற்கரை ஊரில் தொட்டி வைத்திருப்பவருக்குச் சூடு தணிக்கும் கவலை. உங்களுக்கு ராத்திரிக் கவலை.

மெலனூரஸ் போன்ற ராஸ் மீன்கள் இருட்டினால் மணலுக்குள் புகுந்து தூங்கும். பயந்தாலும் அதே வேலைதான். தலைகீழாகப் பாய்ந்து ஒரு நொடியில் மறைந்துவிடும். பெட்டியில் இருட்டோடு இருட்டாக மலையேறி வந்த மீனுக்குப் பகல் எது, இரவு எது என்ற கணக்கும் தப்பியிருக்கும். ஒரு வாரம், சிலசமயம் பத்து நாள்கூட உள்ளேயே கிடந்துவிட்டு, ஒருநாள் நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் வெளியே வந்து சுற்றும். நீங்கள் விளக்கை அணைத்த பிறகு வெளியே வந்துபோகவும் வாய்ப்புண்டு. மணலைக் கிளறினால் அந்தப் பயம் இரட்டிப்பாகும். அடியில் படிந்த கழிவும் கிளம்பித் தண்ணீரைக் கெடுக்கும்.

சந்தேகம் தீர இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் டார்ச் எடுத்துத் தொட்டிக்குப் பின்னால், சுவரோரம், மேசைக்கடியில் தரையைப் பாருங்கள். ராஸ் துள்ளும் மீன். மூடி இல்லாத தொட்டியில் அது செத்துக் கிடக்கும் இடம் பெரும்பாலும் தரைதான். அங்கே இல்லையென்றால் தினமும் காலையில் அம்மோனியா சோதனை செய்யுங்கள். மீன் உள்ளே செத்திருந்தால் அம்மோனியா ஏறும், நத்தையும் புழுவும் ஒரே இடத்தில் மொய்க்கும். இரண்டும் இல்லையென்றால் மீன் தூங்குகிறது, விட்டுவிடுங்கள்.

சரி செய்ய வேண்டியது அந்தத் தரையைத்தான். பவளச் சில்லு இந்த மீனுக்கு ஆகாது. தினம் இரண்டு வேளை உடம்போடு உள்ளே நுழைந்து வெளியே வரும் மீன் அது. கரடுமுரடான சில்லு மேல்தோலின் வழவழப்பைச் சுரண்டிவிடும், அந்தக் கீறலில் தொற்று ஏறும். ஒரு அங்குல ஆழமும் போதாது. குறைந்தது இரண்டு அங்குலம் நைசான அரகொனைட் மணல் (கடல் தொட்டிக்கென்று விற்கும் சுண்ணாம்பு மணல்) வேண்டும். ஓடுகிற தொட்டியில் மொத்தத் தரையையும் மாற்றுவது வீண் வம்பு. மகளின் டிபன் டப்பா அளவுக்கு ஒரு புது பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று அங்குலம் நைஸ் மணலை நன்றாகக் கழுவிப் போட்டு, ஒரு மூலையில் பாறை மறைவாக, விளிம்பு மட்டும் தெரியும்படி இறக்கி வையுங்கள். ராஸ் தானாகவே கண்டுபிடித்துக் குடியேறிவிடும். வீடு கட்ட மிஞ்சிய எம்-சாண்ட் இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். உடைத்த கல்லின் முனை சில்லைவிடக் கூர்மை.

அடுத்தது குளிர். பவளப்பாறை மீனுக்கு 24 முதல் 27 டிகிரி வேண்டும். ஒரு நாளுக்குள் ஏற்ற இறக்கம் ஒரு டிகிரிக்குள் இருந்தால் நல்லது. உங்கள் எண்களே கணக்கைச் சொல்கின்றன. 13 டிகிரி கூடத்தில் 150 வாட் ஹீட்டர் தண்ணீரை 20 வரைக்கும், அதாவது 7 டிகிரிதான் தூக்குகிறது. 25 வேண்டுமென்றால் 12 டிகிரி தூக்க வேண்டும். அதற்குச் சுமார் 260 வாட் ஆகும். உறைபனி நாளையும் சேர்த்துப் பார்த்தால் 200 வாட் ஹீட்டர் இரண்டு போடுங்கள். ஒரே 400 வாட் வேண்டாம். அது பழுதாகி அணையாமல் நின்றால் தொட்டி வெந்துவிடும், எரியாமல் நின்றால் விறைத்துவிடும். இரண்டாக இருந்தால் ஒன்று கெட்டாலும் மற்றது ஓரளவு தாங்கும். தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் மாட்டுங்கள். பின்பக்கமும் இரண்டு பக்கமும் அடியிலும் தெர்மாகோல் ஒட்டினால் கரண்ட் பில்லும் குறையும். இப்போதைய 20-இலிருந்து ஒரே நாளில் 25-க்குத் தாவ வேண்டாம், நாளுக்கு ஒரு டிகிரியாக ஏற்றுங்கள்.

குளிருக்குப் பயந்து தொட்டியைக் கண்ணாடியால் இறுக்கி மூடுபவர்கள் மலையில் அதிகம். அது தப்பு. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. சமவெளியில் 25 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் வரை பிடித்துவைக்கும். உங்கள் கூடத்தில் அது 5.4-க்குப் பக்கம்தான். ராத்திரியில் பாசியும் பவளமும் ஆக்சிஜன் தருவதில்லை, அவையும் இழுக்கத் தொடங்கும். ஜன்னலைச் சாத்தி, கணப்பில் கரி போட்டு உட்கார்ந்தால் அறையில் கரியமிலவாயு ஏறி, விடியற்காலையில் தண்ணீரின் பிஎச் (புளிப்பு-கார அளவு) 8-க்குக் கீழே இறங்கும். (கரிப்புகை உள்ள மூடிய அறையில் தூங்குவது உங்களுக்கே ஆபத்து, அது தனிக் கதை.) ஆகவே மேலே வலை போடுங்கள். கால் அங்குலக் கண் உள்ள புது நைலான் வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் மீனும் துள்ளி விழாது, காற்றும் போகும். தோட்டத்து ஷேட் நெட் வேண்டாம். வெளிச்சத்தை மறைக்கும், மருந்தும் ஒட்டியிருக்கும். மேல்தண்ணீர் அலையடிக்கும்படி ஒரு சிறு பம்பைத் திருப்பி வையுங்கள். வலை போட்டால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறையும் தண்ணீருக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல.

மழைக்காலத்தில் மரம் சாய்ந்து நாள் கணக்கில் கரண்ட் போகும் ஊர் உங்களுடையது. இன்வெர்ட்டரில் ஹீட்டரை மாட்டினால் சீக்கிரமே பேட்டரி காலி. முதலில் தீர்வது ஆக்சிஜன், சூடு மெதுவாகத்தான் இறங்கும். அதனால் பேட்டரி ஏர் பம்பை ஓடவிட்டு, தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துங்கள், மேலே கொஞ்சம் திறந்து வைத்து. சுடுதண்ணீர் பாட்டில் மிதக்கவிடலாம். ஆனால் 70 டிகிரித் தண்ணீர் இரண்டு லிட்டர் போட்டாலும் உங்கள் தொட்டி அரை டிகிரிதான் ஏறும், நாலைந்து பாட்டிலை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது உங்கள் தண்ணீர். கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிக்கும் தேயிலைக்குக் கீழே வரும் ஊற்று, மழையில் எதையெல்லாம் கொண்டுவரும் என்று உங்களுக்கே தெரியும். மனிதன் குடித்தால் ஒன்றும் செய்யாத அளவுத் தாமிரம் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். ராஸ் மீனுக்கும் தாமிரம் ஆகாது. மலைத் தண்ணீர் மென்மையானது, கொஞ்சம் புளிப்புத் தன்மையும் உண்டு. பித்தளைக் குழாயிலும் கெய்சரின் தாமிர பாகத்திலும் சூடாக நின்றால் அங்கிருந்தும் தாமிரத்தைக் கரைத்துக்கொள்ளும். கெய்சர் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். ஆர்.ஓ.வோடு, மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசினும் உள்ள வடிகட்டி வாங்கி, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 0 காட்டும் தண்ணீரில் கடல் உப்பு கலக்குங்கள். லிட்டருக்கு 35 கிராம் அளவில் தொடங்கி, உப்புநீரின் அடர்த்தி அளக்கும் கருவியில் 1.025 வரும்வரை சரிபாருங்கள். குளிர்ந்த தண்ணீரை வாளியிலேயே ஹீட்டர் போட்டுச் சூடாக்குங்கள். மருந்து கலக்கிய வாளி, மக் எதுவும் அந்த அறைக்குள் வரவே கூடாது. ஸ்பிரே அடித்த நாளில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். ஏற்கெனவே தாமிரம் ஏறியிருக்குமோ என்று தெரிய ஒரு காப்பர் சோதனைக் கிட் வாங்கிப் பாருங்கள்; தெரிந்தால் பாதிப் பாதியாகத் தண்ணீரை மாற்றி, நல்ல கரி வடிகட்டி வையுங்கள். காளான் பவளம் விரிந்து நிற்கிறது என்பதால் இதுவரை தப்பித்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

தீனி: மீன் வெளியே வந்தபின் நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பகலெல்லாம் மணலையும் பாறையையும் கொத்திக்கொண்டே இருக்கும் மீன், ஒரே வேளைத் தீனி போதாது. உறைந்த மைசிஸ், ஆர்ட்டீமியா (இரண்டும் இறால் போன்ற சிற்றுயிர்கள்), சிறு குருணையாக விற்கும் மீன் தீனி எல்லாம் பழகும். மண்புழு உரத்தொட்டியிலிருந்து புழு எடுத்துப் போடும் யோசனை வேண்டாம். சின்ன இறாலையும் நத்தையையும் இதுவே தின்னும், பவளத்துக்குத் தொல்லை தரும் தட்டைப்புழுவையும் தின்னும். அந்தக் கணக்கில் கொஞ்சம் லாபமும் உண்டு, கொஞ்சம் நட்டமும் உண்டு.

உயிர்ப்பாறை வாங்க வேண்டாம், யார் கொண்டுவந்தாலும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாறைப் பவளங்கள் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. உயிர்ப்பாறை என்று கொண்டுவருவதில் அந்தப் பவளமும் ஒட்டியிருக்கும். மாட்டினால் அபராதத்தோடு நிற்காது, சிறையும் உண்டு. காய்ந்த செராமிக் பாறை கடைகளில் கிடைக்கிறது, சில மாதத்தில் அதிலும் பாக்டீரியா குடியேறிவிடும். காளான் பவளத்துக்கும் ரசீது இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

சிக்ஸ்லைன் வேண்டவே வேண்டாம். 10 சென்டிமீட்டரைத் தாண்டாத மீன், ஆனால் குணத்தில் சண்டைக்கோழி. 200 லிட்டரில் தன் இனத்தாரை விரட்டி விரட்டியே சாகடிக்கும். அதற்கு மணலும் தேவையில்லை. பாறை இடுக்கில் சளியால் கூடு கட்டிக்கொண்டு தூங்கும். மகளுக்கு இன்னொரு ராஸ் ஆசை இருந்தால் மெலனூரஸ் வெளியே வந்து இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு, ஃபேரி ராஸ் ஒன்று சின்னதாகப் பாருங்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் பைக்குள் ஆக்சிஜனை முக்கால் அளவுக்குத்தான் அடைக்கச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்த பை உங்கள் ஊருக்கு வரும்போது உப்பிவிடும். முட்ட அடைத்திருந்தால் கட்டு விடும், இல்லை கிழியும்.