வீட்டுக்கு முன் மேசை: பிரெத்தாஞ் கிராமத்தில் விடுமுறை, நல்ல சாப்பாடு – கேள்வி பதில்

கேள்வி: வணக்கம். நாங்கள் பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். அம்மா அப்பாவின் நாற்பதாவது திருமண நாளுக்காக ஆகஸ்டில் ஒரு கிழமை பிரான்சின் மேற்கே உள்ள பிரெத்தாஞ்சுக்குப் போகிறோம். உவெல்குவாத் காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீடு (ஜீத், அதாவது விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு) பார்த்து வைத்திருக்கிறோம். விளம்பரத்தில் "நான்கு நட்சத்திர ஜீத், மிஷ்லன் உணவகங்களுக்கு அருகில்" என்று போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் இரவு எல்லோரையும் பெரிய உணவகம் ஒன்றுக்குக் கூட்டிப்போக ஆசை. அம்மா மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார், அப்பா முழு மரக்கறி. வீட்டுக்காரர் 30 வீதம் முற்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள். முதலில் உணவகத்தில் மேசை பிடியுங்கள், அது உறுதியான பிறகு வீட்டுக்குக் காசு அனுப்புங்கள். ஆகஸ்டில் பிரான்சே விடுமுறையில் இருக்கும். கிராமத்து உணவகங்களில் மேசைகள் குறைவு. ஞாயிறு இரவும் திங்களும் பூட்டுகிற இடங்கள் ஏராளம், செவ்வாயும் பூட்டுகிறவை உண்டு. ஜீத் வாடகை பெரும்பாலும் சனி முதல் சனி வரை. கணக்குப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது மூன்று நான்கு நாட்கள்தான். அந்த நாட்களில் இடமில்லை என்றால், நீங்கள் நினைத்துப் போகிற காரியமே நடக்காது.

அடுத்தது அந்த நட்சத்திரங்கள். விளம்பரத்தில் இரண்டு விதமான நட்சத்திரங்கள் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. வீட்டுக்குக் கொடுத்த நான்கு நட்சத்திரம் அறை, கட்டில், குளியலறை, சமையலறைச் சாமான் போன்ற வசதிகளுக்கானது. ஒன்று முதல் ஐந்து வரை இருக்கும், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். 'ஜீத் த ஃபிரான்ஸ்' அமைப்பில் உள்ள வீடுகளுக்குக் கோதுமைக் கதிர் அடையாளமும் உண்டு. இவை எதற்கும் சாப்பாட்டோடு தொடர்பில்லை. மிஷ்லன் நட்சத்திரம், மிஷ்லன் என்ற உணவக வழிகாட்டி தட்டில் வருகிற சமையலுக்கு மட்டும் கொடுப்பது. ஒன்று என்றால் வழியில் நின்று சாப்பிடத் தகும், இரண்டு என்றால் வழியை விட்டு விலகியும் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். ஆண்டுக்கு ஆண்டு பட்டியல் மாறும். விளம்பரம் எழுதியவர் எந்த ஆண்டைப் பார்த்து எழுதினார் என்று கேளுங்கள்.

"அருகில்" என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். பிரெத்தாஞ்சில் பெயர் பெற்ற சமையல் பெரும்பாலும் கடலோரத்தில் இருக்கிறது. நீங்கள் எடுக்கும் வீடு உள்நாட்டில், அங்குள்ளவர்கள் 'ஆர்குவாத்' என்று சொல்லும் காட்டுப் பக்கத்தில். இரண்டு நட்சத்திரம் பெற்ற 'ஒபேர்ஜ் தே கிளாசிக்' இருக்கும் ப்ளோமொதியெர்ன் அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், வளைந்த கிராமத்துச் சாலை. கான்காலுக்குப் பக்கத்தில், சேன் மெலுவாரில் இருக்கும் 'லெ கொக்கியாஜ்' என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். 2008இல் தன் மூன்று நட்சத்திரங்களையும் தானாகவே திருப்பிக் கொடுத்த ஒலிவியே ரொலன்ஜேயின் மகன் ஊகோ அங்கே சமைக்கிறார். 2025இல் அவருக்கும் மூன்று நட்சத்திரம் கிடைத்தது. அங்கேதான் போக வேண்டும் என்றால் வீட்டை அந்தப் பக்கம் பாருங்கள்.

இனி நான் வற்புறுத்திச் சொல்கிற ஒன்று: இரவை விடுங்கள், வாரநாளில் மத்தியானம் போங்கள். அதே சமையலறை, அதே சமையல்காரர். இரவு வைக்கும் பெரிய மெனுவின் பாதி விலைக்கும் குறைவாக மத்தியான மெனு கொடுக்கும் நட்சத்திர உணவகங்கள் பிரான்ஸ் முழுவதும் உண்டு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் அந்த மெனு இருக்காது. ஆகஸ்ட் 15 விடுமுறை, அந்த நாளைத் தவிருங்கள். ஓட்டுகிறவருக்கும் மத்தியானம்தான் நல்லது. இரத்தத்தில் மதுவின் அளவு லீற்றருக்கு 0.5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், புதிதாக உரிமம் எடுத்தவருக்கு 0.2. இரவு பதினொரு மணிக்கு அந்தக் காட்டுப் பக்கத்தில் டாக்சி தேடி நிற்கக் கூடாது. ஒன்று, நேரம் பிந்தாதீர்கள். கிராமத்தில் மத்தியானம் ஒன்றரைக்குப் பிறகு போனால் சமையலறை மூடியிருக்கலாம்.

அம்மா அப்பாவின் சாப்பாட்டை மேசை பிடிக்கும்போதே சொல்லுங்கள். பெரிய உணவகங்களில் மெனு முன்கூட்டியே திட்டமிட்டது, மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அப்பாவுக்குக் கிடைப்பது தட்டின் ஓரத்தில் வைக்கும் மரக்கறி மட்டும்தான். அம்மா விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள். பிரெஞ்சுச் சமையலில் பல சாறுகளுக்கு அடிப்படை கன்று எலும்பில் காய்ச்சிய வடிசாறு. மீன் தட்டிலும் அது ஊற்றி வரலாம். இனிப்பில் ஜெலட்டின் இருக்கிறதா என்று அப்பாவுக்காகக் கேளுங்கள். கலெத் (தோசை போன்ற பண்டம்) விற்கும் கடைக்குப் போனாலும் கவனம். மாவு கருங்கோதுமைதான், ஆனால் கல்லில் பன்றிக் கொழுப்புத் தடவும் பழைய வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது.

எதைக் கேட்டுச் சாப்பிடுவது? ஆகஸ்டில் பெம்போல் வெள்ளை அவரையும் ரொஸ்கோஃபின் இளஞ்சிவப்பு வெங்காயமும் வரத் தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் பெயர்க் காப்பு உண்டு, அதாவது அந்தப் பகுதியில் விளைந்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர். அப்பாவுக்கு இவற்றை வைத்தே அருமையாகச் செய்யலாம். சேன் பிரியே விரிகுடாவின் பெரிய சிப்பியை, அதாவது கொக்கி சேன் ஜாக்கை, ஆகஸ்டில் 'இன்று பிடித்தது' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அதைப் பிடிக்க அனுமதி அக்டோபர் 1 முதல் மே 15 வரைதான். மற்றவர்களுக்கு நீலச் சிங்க இறால் இருந்தால் 'காரி கோஸ்' போட்டுச் செய்ததா என்று கேளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் லொரியான் நகர மருந்துக்கடைக்காரர் ஒருவர் சேர்த்த கறித்தூள் அது. பாண்டிச்சேரியை நடத்திய அதே கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666இல் எழுந்த துறைமுகம் லொரியான். நம் சரக்கு வாசனை அந்த ஊர்த் தட்டில் இன்றும் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

முற்பணத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தில் 'ஆர்' என்று இருக்கிறதா, 'அக்கோம்த்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். 'ஆர்' என்றால் நீங்கள் விலகும்போது அந்தக் காசு போகும், அதோடு சரி. வீட்டுக்காரர் விலகினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். 'அக்கோம்த்' என்றால் இரண்டு பேரும் கட்டுப்பட்டுவிட்டீர்கள், நீங்கள் விலகினால் முழு வாடகையும் கேட்கப்படலாம். தொழிலாக வாடகைக்கு விடுபவரின் ஒப்பந்தத்தில் எதுவும் சொல்லப்படாவிட்டால் சட்டம் அதை 'ஆர்' என்றே எடுத்துக்கொள்ளும். இணையத்தில் வாங்கினால் பதினான்கு நாளுக்குள் திருப்பலாம் என்ற உரிமை, குறித்த தேதிக்கு எடுக்கும் தங்குமிடத்துக்குப் பொருந்தாது. பலர் இதில்தான் காசை இழக்கிறார்கள்.

கேள்வி: மேசை பிடிக்க வங்கி அட்டை எண் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், அவர்களின் பதிவுப் பக்கத்தில் பாதுகாப்பாக எழுதும் இடத்தில் மட்டும். மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். சொல்லாமல் வராமல் விடுபவர்களால் சிறிய உணவகம் உண்மையாகவே நட்டப்படுகிறது, ஆகவே கேட்பது நியாயம். ஆனால் ஆளுக்கு எவ்வளவு எடுப்பார்கள், எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் எடுக்க மாட்டார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். எழுதியதற்கு மேல் எடுத்தால் முதலில் உணவகத்தோடு கதையுங்கள், பிறகு அரசின் 'சிக்னல் கோன்சோ' தளத்தில் முறையிடுங்கள்.

கேள்வி: தண்ணீர்ப் போத்தலுக்கும் சேவைக்கும் தனியாகக் கட்ட வேண்டுமா?

பதில்: சேவைக்கு வேண்டாம், தண்ணீர்ப் போத்தல் எடுத்தால் அதற்குக் காசு உண்டு. பட்டியலில் உள்ள விலையில் வரியும் சேவையும் அடங்கும். மனம் விரும்பினால் கொஞ்சம் வைத்துவிட்டு வரலாம். குழாய்த் தண்ணீர் 'கராஃப் தோ' என்று கேட்டால் இலவசம். கேட்கலாம் என்று எழுதிக் காட்டவேண்டிய கடமை 2022 முதல் உணவகங்களுக்கு உண்டு. அமர்ந்ததும் "தண்ணீர் எது?" என்று கேட்டால் தயங்காமல் அதையே சொல்லுங்கள், நட்சத்திர உணவகத்திலும் அது உங்கள் உரிமை.

கேள்வி: உணவகம் கிடைக்காவிட்டால் 'தாப்ல் தோத்' நல்லதா?

பதில்: நல்லது, ஆனால் அது வேறு அனுபவம். வீட்டுக்காரர் தன் வீட்டில் தங்குபவர்களுக்கு மட்டும் சமைத்துப் போடுவது. ஒரே மெனு, எல்லோரும் ஒரே மேசை. நீங்கள் எடுப்பது ஜீத் என்பதால் அங்கே அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து ஊரில் 'மேத்ர் ரெஸ்தொராத்தர்' பட்டயம் ஒட்டிய உணவகத்தைத் தேடுங்கள். இது 2007இல் அரசு உருவாக்கியது, அங்கேயே சமைக்கிறார்களா, புதிய பொருட்களா என்று சோதித்த பிறகுதான் கொடுப்பார்கள். மிஷ்லனின் 'பிப் கூர்மான்' அடையாளமும் நியாய விலையில் நல்ல சமையலுக்கானது. பெரியவர்களோடு போகும் உங்களுக்கு, நீண்ட ருசி மெனுவைவிட இந்த இரண்டில் ஒன்று இன்னும் பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம்.