யூரின் டியூபுக்குள் படியும் வழுவழுப்பு: கேள்வி பதில்

(ஆஸ்பத்திரிக் கிருமி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நான், நம் வடசென்னை மக்கள் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்கள்.)

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, அப்பாவுக்கு யூரின் டியூப் போட்டு மூன்று வாரம். கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி வந்தும் டாக்டர் ஆன்டிபயாடிக் தரவில்லையே?

சரியாகத்தான் செய்திருக்கிறார். டியூப் ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லாருக்குமே சிறுநீரில் கிருமி சேர்ந்துவிடும். காய்ச்சல், குளிர் நடுக்கம் இல்லாதபோது மருந்து கொடுத்தால் கிருமிதான் அதற்குப் பழகிக்கொள்ளும்.

கொருக்குப்பேட்டை: மருந்து முடிந்ததும் காய்ச்சல் திரும்ப வருகிறதே?

லாரித் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்துக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். அந்த வழுவழுப்பு அலசினால் போகாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். டியூபுக்குள்ளும் அதேதான். கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, மேலே கோழை போல ஒன்றைப் போர்த்திக்கொள்கின்றன. பயோஃபிலிம் என்போம். உள்ளே பல கிருமிகள் பாதித் தூக்கத்தில் கிடப்பதால் மருந்து அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. மிதக்கும் கிருமிக்குப் போதுமான அளவைப்போல் 1000 மடங்குகூடத் தேவைப்படலாம். உடம்பு தாங்குமா?

ஒருமுறை, கழற்றிய டியூபை பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். பழுப்புக் கோழை, அதில் மணல் போல நறநறவென்று உப்பு. புரோட்டியஸ் என்ற கிருமியின் வேலை அது. சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், அதனால் உப்பு படியும், டியூப் அடைக்கும். அதனால் டாக்டரிடம் கேட்டு டியூபை மாற்றுங்கள். கல்ச்சருக்கும் புது டியூபிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

காசிமேடு: வாத மாத்திரையை டியூபில் பூசி ஆராய்கிறார்களாமே, நிஜமா?

நிஜம்தான் அண்ணா. ஆரனோஃபின் என்ற தங்கம் சேர்ந்த மருந்து. மூட்டுவாதத்துக்கு 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிருமி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஒரு நொதியை முடக்குகிறது. மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ என்ற கிருமி, கேண்டிடா என்ற பூஞ்சை இரண்டையும் ஆய்வகத்தில் அடக்கியிருக்கிறது. படகின் அடியில் சிப்பி ஒட்டாமல் பெயின்ட் அடிப்பீர்களே, அதே யோசனை. பழைய மருந்து என்பதால் உடம்பில் என்ன செய்யும் என்று ஏற்கெனவே தெரியும், அது பெரிய லாபம்.

ஆனால் ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்ற கிருமிகளிடம் இந்த மருந்து தனியாக எடுபடாது. அவற்றின் வெளிச்சவ்வு மருந்தை உள்ளே விடுவதில்லை. மாற்று நொதியும் வைத்திருக்கின்றன. யூரின் டியூபில் அதிகம் வருபவையே அவைதான், அதுதான் என் கவலை. தயவுசெய்து யாரும் மாத்திரையைக் கரைத்து டியூபில் விட்டுவிடாதீர்கள்.

ராயபுரம்: அப்போ இப்போதைக்கு என்னதான் வழி?

பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், தரையில் படக்கூடாது. டியூபும் பேகும் சேரும் இடத்தைக் கழற்றாதீர்கள். அப்புறம், ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் கேளுங்கள்: "இந்த டியூப் இன்னும் வேண்டுமா?"