டேவிஸ் ஊருக்குப் பெயர் தந்த விவசாயி யார்?

கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரத்துக்கு யாருடைய பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள். போன ஆகஸ்டில் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த என் அம்மா இதையேதான் கேட்டார்: "ஏன்டா, காலேஜ் கட்டுனவர் பேரா?" இங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்க வருகிற பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை, அவர் ஒரு விவசாயி.

ஜெரோம் சி. டேவிஸ், ஒஹாயோக்காரர். 1850களில் பியூட்டா ஓடைக் கரையில் பண்ணை போட்டார். மாமனார் ஜோசப் சைல்ஸ் வழியாக வந்த நிலம். ஓடை காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண் அது. கோதுமை, பார்லி, பீச் தோப்பு, திராட்சை, ஆடு மாடு என்று எல்லாம் இருந்தன. 1858இல் மாநிலத்தின் சிறந்த பண்ணை என்று பரிசும் வாங்கியது. பத்து வருஷத்துக்குள் நிலத்தின் பெரும்பகுதி அவர் கையை விட்டுப் போய்விட்டது. 1868இல் ரயில் வந்தது, ஸ்டேஷனைச் சுற்றி ஊர் முளைத்தது. அதற்கு டேவிஸ்வில் என்று பெயர். 1907இல் தபால் ஆபீஸ் 'வில்'லை எடுத்துவிட்டது. நகராட்சி ஆனது 1917இல்தான்.

இந்தப் பல்கலைக்கழகமும் அந்த மண்ணை நம்பி வந்ததுதான். பழைய டேவிஸ் பண்ணை பூமியில் 1906இல் 779 ஏக்கர் வாங்கி, மாணவர்களுக்கு விவசாயம் கற்றுத்தரப் பண்ணை தொடங்கினார்கள். இயந்திரத்தால் அறுவடை செய்யத் தாங்குகிற தக்காளி ரகத்தை ஜாக் ஹன்னா உருவாக்கியது இங்கேதான். ஆகஸ்டில் லாரிகள் திரும்புகிற முனைகளில் தக்காளி சிதறிக் கிடக்கும். அம்மா ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "விழுந்தும் உடையலையே! தோலு எவ்வளவு தடிமன்!"

ஆனால் ஜெரோம் டேவிஸை இந்த ஊரின் 'முதல் குடி' என்று எழுதுகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருக்கு முன்பே பல தலைமுறைகளாக இந்த ஓடைக்கரை பட்வின் என்ற பூர்வகுடி மக்களின் ஊர். ஸ்பானியப் பாதிரியார்களின் மிஷன் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோகப்பட்ட பட்வின் மக்களின் பெயர்களைப் பல்கலைக்கழகத் தோட்டத்தில் கருங்கல் தூண்களில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். டேவிஸ் ஊருக்கு வந்தால் ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப்பலகையோடு திரும்பிவிடாதீர்கள், அங்கேயும் போய்வாருங்கள். அம்மாவுக்கு அந்த எழுத்து தெரியாது. ஒவ்வொரு பெயராக என்னை வாசிக்கச் சொல்லி, கல்லில் கைவைத்தபடி நின்று கேட்டார்.