மழை குறையவில்லை, ஓடை ஏன் வற்றுகிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் ஸ்டாங்கர் அருகே ஆறு ஹெக்டேரில் கரும்பும், ஓடைக்கரையில் மிளகாய், வெந்தயக்கீரை, சேம்பும் பயிரிடுகிறேன். அப்பா காலத்தில் ஆகஸ்டிலும் ஓடிய ஓடை, மூன்று ஆண்டுகளாக ஜூன் கடைசியிலேயே நின்றுவிடுகிறது. மழை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. ஓடையிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி நான் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் நன்றாகவே வருகிறது. இன்னொன்று போடலாமா? கரையில் அப்பா நட்ட யூகலிப்டஸ் மரங்கள் வளர்ந்து நல்ல நிழல் தருகின்றன.

பதில்: ஐயா, இரண்டாவது கிணற்றுக்கு முன்பணம் கொடுக்காமல் இருங்கள். ஓடை வற்றியதையும் கிணற்றில் தண்ணீர் வருவதையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்யும் மழையில் ஒரு பங்கு மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் இறங்கி, மெல்ல நகர்ந்து, பள்ளத்தில் ஊறி வெளிவருகிறது. மேகமே இல்லாத மாதத்தில் ஓடையில் ஓடுவது அந்த ஊற்றுநீர்தான். ஜூன் மாதக் குளிர்கால விடியலில் ஓடைக்குள் கைவிட்டுப் பாருங்கள். ஊறும் இடத்தில் வெதுவெதுப்பாக இருக்கும். பக்கத்தில் துருநிறச் சேறும், அதன்மேல் எண்ணெய்போல் ஒரு படலமும் தெரியலாம். மோட்டாரிலிருந்து டீசல் கசிந்ததோ என்று பயப்படாதீர்கள். குச்சியால் தொட்டால் அது சில்லுச் சில்லாக உடையும்; டீசல் என்றால் மறுபடி கூடிக்கொள்ளும். நிலத்தடி நீரோடு வந்த இரும்பை நுண்ணுயிர்கள் உண்டதன் அடையாளம் அது.

கிணற்றில் இறைக்கும்போது சுற்றியுள்ள நீர்மட்டம் புனல்போல் குழிகிறது. அந்தக் குழி அகன்று கரையை எட்டியதும், ஓடைக்கு வரவேண்டிய ஊற்று கிணற்றுப் பக்கம் திரும்பிவிடும். இன்னும் இறைத்தால் ஓடையே தரைக்குள் கசியத் தொடங்கும். மோட்டாரை நிறுத்திய மறுநாளே இது சரியாகிவிடாது. குழி நிரம்பும் வரை ஓடை இழந்துகொண்டேதான் இருக்கும்.

ஊகத்தில் விட வேண்டாம், அளந்து பாருங்கள். மே மாதத்தில், ஓடை ஓடும்போதே, ஒல்லியான இரும்புக் குழாய் ஒன்றின் அடிப்பகுதியில் சிறு துளைகள் இட்டு, ஓடைப் படுகையில் முக்கால் மீட்டர் அடித்து இறக்குங்கள். மூன்று நாள் மோட்டாரை நிறுத்திவிட்டுக் குழாய்க்குள் நீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஓடை நீரைவிட உயர்ந்து நின்றால் நிலம் ஓடைக்குத் தருகிறது. தாழ்ந்து நின்றால் ஓடை நிலத்துக்குத் தருகிறது. பிறகு ஒரு வாரம் வழக்கம்போல் இறைத்துவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

அடுத்தது அந்த நிழல். கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், நான் அதைத்தான் முதலில் படித்தேன். ம்புமலாங்கா மாகாணத்தில் மோகோபுலான் என்ற ஆய்வு நீர்ப்பிடிப்புப் பகுதியில் 1969-இல் யூகலிப்டஸ் நட்டார்கள். ஒன்பதாம் ஆண்டில் ஓடை முற்றிலும் வற்றியது. பதினாறு வயதில் மரங்களை வெட்டிய பிறகும், ஓடை பழையபடி ஆண்டு முழுதும் ஓட ஐந்து ஆண்டுகள் பிடித்தன. ஆழத்து மண்ணில் சேர்ந்திருந்த ஈரத்தையே வேர்கள் குடித்துவிட்டிருந்தன. அது நிரம்பிய பிறகுதான் ஓடைக்குப் பங்கு வந்தது. உங்கள் மரங்களும் குடிக்கின்றனவா என்று அறிய, ஓடையில் அளவுக்கோடு போட்ட ஒரு குச்சியை நடுங்கள். மழையில்லாத, மோட்டாரும் ஓடாத நாளில் பிற்பகலில் நீர் சற்று இறங்கி விடியலில் ஏறினால், சந்தேகம் வேண்டாம். வெட்டுவதென்றால் கரை சரியாதபடி பகுதி பகுதியாக வெட்டி, வேரைப் பிடுங்காமல், அடிமரத்தின் பட்டையை மண்மட்டம் வரை உரித்துவிடுங்கள். இல்லையேல் மறுபடி தழைக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலத்தடி நீர் தனியார் நீராக இருந்தது. 1998-இன் தேசிய நீர்ச் சட்டம் அதை மாற்றி, ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் ஒன்றாகவே பார்க்கிறது. வீட்டுக்கும், மேயும் மாடுகளுக்கும், விற்பனைக்கல்லாத சிறு தோட்டத்துக்கும் எடுக்க உரிமம் தேவையில்லை. நீங்கள் கீரையைச் சந்தைக்கு அனுப்புகிறீர்கள்; ஆகவே நீர்த்துறை அலுவலகத்தில் விசாரிக்காமல் துளையிட வேண்டாம்.

ஈரப் பள்ளத்தில் வடிகால் வெட்டாதீர்கள், சேம்புக்கு அந்த ஈரம்தான் வேண்டும். கரையோர நாணலையும் விட்டுவையுங்கள். கரும்புக்குப் போட்ட உரத்தின் நைட்ரேட் நிலத்தடி நீரோடு ஓடைக்குப் போகும் வழியில், அந்தச் சதுப்பு மண் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும்.

குழாய் அளவுகளையும் குச்சி அளவுகளையும் ஜூன் நடுவில் எழுதி அனுப்புங்கள். இறைத்த பிறகு குழாய் நீர் ஓடையைவிடத் தாழ்ந்திருந்தால், இருக்கிற கிணற்றையே மேட்டுப் பக்கம் எங்கே மாற்றலாம் என்று பார்ப்போம்.