மைசூர் இன்லே படம்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: மைசூரில் ஒரு கடையில் ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தில் யானை ஊர்வலம் பதித்த சுவர்ப்படம் பார்த்தேன். இரண்டடி அகலம், விலை 9,000 ரூபாய். அதே மாதிரி படம் இணையத்தில் 1,400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்ப முடியுமா?
– ஈரோடு வாசகி

பதில்: படம் ஒரே மாதிரி இருக்கலாம், பொருள் ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. கையால் செய்யும் இன்லேயில், அதாவது மரத்துக்குள் மரத்தைப் பதிக்கும் வேலையில், யானையின் காது, தும்பிக்கை, அம்பாரி என்று ஒவ்வொன்றையும் தனித்தனி மரத்துண்டாக மெல்லிய ரம்பத்தால் அறுக்கிறார்கள். ஈட்டிப் பலகையில் அதே வடிவத்துக்குக் குழி வெட்டி, துண்டைப் பசை போட்டு உட்கார வைக்கிறார்கள். அப்புறம் மேற்பரப்பை இழைத்துத் தேய்த்து, கண், நகை போன்ற நுணுக்கங்களைக் கூர்உளியால் கீறி, பாலிஷ் போடுகிறார்கள். வண்ணமெல்லாம் பெரும்பாலும் மரத்தின் சொந்த நிறம். மஞ்சள் வேண்டுமென்றால் பலா, கறுப்பு வேண்டுமென்றால் கருங்காலி. வெள்ளைக்கு ஒரு காலத்தில் தந்தம் பதித்தார்கள். இப்போது வெளிர் மரமோ பிளாஸ்டிக்கோதான். யாராவது "பழைய தந்த வேலை" என்று சொல்லி விற்க வந்தால் தொடாதீர்கள். தந்தத்தை வாங்குவதும் விற்பதும் இந்தியாவில் சட்டப்படி குற்றம்.

கடையில் போன் டார்ச்சைப் படத்தின் மேல் சாய்வாகப் பிடித்து, ஒரு யானையை மட்டும் நிதானமாகப் பாருங்கள். காதில் மரத்தின் ரேகை ஒரு பக்கம் ஓடும், உடம்பில் வேறு பக்கம் ஓடும். துண்டுகள் சேரும் இடத்தில் முடி போல ஒரு கோடு தெரியும். அச்சடித்த படத்தில் எல்லா நிறத்துக்கும் அடியில் ஒரே ரேகைதான் போகும், அல்லது ரேகையே இருக்காது. மிக நெருங்கிப் பார்த்தால் மைப்புள்ளிகள் தெரியும். எனக்கு இந்த ரேகைச் சோதனைதான் எல்லாவற்றையும் விட நம்பிக்கையானது.

அடுத்து, படத்தைத் திருப்பி ஓரத்தைப் பாருங்கள். சில வருஷம் முன்னால் நானே ஒரு நகைப்பெட்டி வாங்கினேன். ஈட்டி என்றுதான் சொன்னார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் மூடியின் ஓரம் பிரிந்தது, உள்ளே பிளைவுட். பில்லில் "கைவினைப் பொருள்" என்று மட்டும் எழுதியிருந்ததால் கடைக்காரரிடம் போய்க் கேட்க வழியில்லாமல் போயிற்று. பிளைவுட் மேல் ஈட்டி வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டுவது தப்பில்லை, அதை முழு மரம் என்று சொல்லி விற்பதுதான் தப்பு. அதனால் பில்லில் "முழு ஈட்டி மரம், கை இன்லே" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். எழுதித் தந்து ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

9,000 சரியான விலையா என்று பார்க்காமல் சொல்ல முடியாது. கர்நாடக அரசின் காவேரி எம்போரியத்தில் அதே அளவுப் படத்தின் விலையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். நேரம் இருந்தால் மண்டி மொகல்லா பக்கம் பட்டறைகளுக்கும் போய் வாருங்கள். அறுத்த துண்டுகள் தட்டில் கிடப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது உங்களுக்கே புரிந்துவிடும். 1,400 ரூபாய்ப் படத்தை அழகுக்காக வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இன்லே என்று நினைத்து வாங்காதீர்கள்.

மகளுக்கு அனுப்பலாம். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் எனும் சர்வதேச ஒப்பந்தத்தில் ஈட்டி மரம் வந்தாலும், ஒரு பார்சலில் ஈட்டியின் எடை 10 கிலோவுக்குள் இருக்கும், செய்து முடித்த பொருட்களுக்கு 2019 முதல் விலக்கு உண்டு. உங்கள் படம் அதற்குள் அடங்கிவிடும். இருந்தாலும் அனுப்பும் கூரியரிடம் அந்த நாட்டு விதியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், பில்லின் நகலையும் உள்ளே வையுங்கள்.

வெயில் நேராக விழும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். வெளிர் மரம் கருத்து, ஈட்டி வெளிறி, யானையும் பின்னணியும் ஒரே நிறமாகிவிடும்.