ஜீப் ஏறும் முன் விழுங்கிய மாத்திரை

கேள்வி: என் வயது 24. திருமணம் ஆகவில்லை. கம்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறேன். மாதவிலக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். தாடையிலும் முடி வளர்கிறது. மலைமேல் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்து, பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல்) என்று சொல்லி, மெட்ஃபார்மின் காலையும் இரவும், 21 நாள் ஹார்மோன் மாத்திரை காலையில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரைகளை ஊருக்கு வந்து வாங்கினேன். மூன்றாம் நாளிலிருந்து குமட்டல், வயிற்றுப்போக்கு, வாயில் இரும்புச் சுவை. ஜீப்பில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். தோட்டத்தில் கழிப்பறை தூரம் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். இடையிடையே உதிரமும் பட்டது. மருந்துக் கடைக்காரர் இது கருத்தடை மாத்திரை என்று சொன்னதால் அம்மாவும் பயந்துவிட்டார். பத்து நாளுக்கு முன் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் உதிரப்போக்கு வந்து ஐந்து நாளில் நின்றது. எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டதா? மாத்திரைகளை அடியோடு விட்டுவிடலாமா? சீட்டு, அட்டை இரண்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்)

பதில்: முதலில் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கக்கூடிய உதிரப்போக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹார்மோன் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் மாதவிலக்கைப் போன்ற உதிரப்போக்கு வருவது இயல்பு. அது ஐந்து நாளில் நின்றதும் இயல்பு. கருப்பைக்கு எந்தக் கேடும் நேரவில்லை.

இனி நீங்கள் அனுப்பிய படங்கள். மருத்துவர் எழுதிய சீட்டில் மெட்ஃபார்மின் 500 என்பதற்குப் பக்கத்தில் எஸ்.ஆர். என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. கடையில் உங்களுக்குக் கொடுத்த அட்டையில் அந்த எழுத்துகள் இல்லை. எஸ்.ஆர். என்றாலும் எக்ஸ்.ஆர். என்றாலும், மருந்து குடலுக்குள் மெல்ல மெல்லக் கரைந்து இறங்கும்படி செய்யப்பட்ட மாத்திரை என்று பொருள். சாதாரண மாத்திரையோ விரைவில் கரைந்து குடலை ஒரே நேரத்தில் தாக்குகிறது. மருந்தும் அளவும் ஒன்றாகவே இருந்தாலும், வயிற்றுப்போக்கும் குமட்டலும் சாதாரண வகையில்தான் கூடுதலாக வருகின்றன. அதையும் விடியற்காலையில், கட்டன் சாயா ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத வயிற்றில் விழுங்கிவிட்டு, கம்பம்மெட்டு மலைப்பாதையின் வளைவுகளில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போனால், மாத்திரையே போடாதவருக்குக்கூடக் குமட்டும். எனவே இந்த மருந்து உங்கள் உடலுக்கு ஒத்துக்கொள்ளாது என்ற முடிவுக்கு இப்போதே வரவேண்டியதில்லை.

இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. மருத்துவம் பார்க்கத் தொடங்கிய காலத்தில் நானும் 'காலை 1, இரவு 1, உணவுக்குப் பின்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, எதிரில் இருப்பவர் காலை உணவை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் சாப்பிடுகிறார் என்று கேட்காமல் அனுப்பியவன்தான். உங்களைப் போன்றவர்களின் காலை உணவு, மலையேறிய பிறகு, ஒன்பது மணிக்கு மேல் தூக்குவாளியைத் திறக்கும்போதுதான் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

மெட்ஃபார்மின் பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுவது உண்மைதான். ஆனால் அதைச் சாப்பிடுவதால் சர்க்கரை நோய் வராது. உங்கள் சிக்கலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாததால், உடல் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அப்படி மிகுந்துபோன இன்சுலின், சினைப்பையை ஆண்தன்மை ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுகிறது. தாடையில் முடி வளர்வதற்கும், கருமுட்டை முழுவதுமாக முதிராமல் மாதவிலக்கு தள்ளிப்போவதற்கும் இதுவே முக்கியக் காரணம். ஸ்கேனில் நீர்க்கட்டி என்று சொல்லப்படுபவை, அறுத்து எடுக்கவேண்டிய கட்டிகள் அல்ல, பாதி வளர்ச்சியில் நின்றுவிட்ட முட்டைப்பைகள். மெட்ஃபார்மின் இந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் வேலை செய்கிறது. வேறு சர்க்கரை மருந்து சேராமல் இதை மட்டும் சாப்பிடும்போது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது.

மீண்டும் தொடங்கும்போது இரண்டு மாத்திரைகளையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். எது என்ன தொல்லை தருகிறது என்று பிரித்தறியவே முடியாமல் போகும். உங்கள் மருத்துவரின் ஒப்புதலோடு, முதலில் எஸ்.ஆர். வகை மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், ஒரே ஒரு வேளை, இரவுச் சாப்பாட்டின் நடுவில் விழுங்குங்கள். நடுவில் என்றால், பாதிச் சோறு சாப்பிட்ட பிறகு மாத்திரை, அதன்மேல் மீதிச் சோறு. அதை ஒரு சனிக்கிழமை இரவு தொடங்கினால் மறுநாள் வீட்டில் இருப்பீர்கள். முதல் நாளின் வயிற்றுக் கலக்கம் ஜீப்பில் நேராது. இந்த வகை மாத்திரையை உடைக்கவோ, மெல்லவோ, பொடிக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் அது சாதாரண மாத்திரையாகிவிடும். மலத்தில் சில நாள் மாத்திரையின் கூடு போன்று ஏதேனும் தென்பட்டால் கலங்க வேண்டாம். மருந்து உள்ளே இறங்கிய பிறகு வெளியேறும் வெற்றுக்கூடு அது. ஒன்றிரண்டு வாரம் வயிறு அமைதியாக இருந்தால் அடுத்த 500 மில்லிகிராமைச் சேர்ப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வார். பெரும்பாலானவர்களுக்குத் தொல்லைகள் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. இரும்புச் சுவையும் அப்படித்தான்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லவேண்டியிருக்கிறது. கழிப்பறை இல்லாத இடத்தில் ஒரு பெண் தண்ணீரைக் குறைப்பது ஏன் என்று எனக்குப் புரிகிறது; அந்தக் குறை உங்களுடையது அல்ல. ஆனாலும் வயிற்றுப்போக்கோடு நீரும் குறைந்தால் சிறுநீரகம் வாடும். சிறுநீரகம் வாடிய நிலையில் மெட்ஃபார்மின் உடலில் தேங்குவது, அரிதாக என்றாலும், ஆபத்தாக முடியக்கூடும். வாந்தியோ பேதியோ கடுமையாகி எதுவும் உள்ளே தங்காத நாளில் மெட்ஃபார்மினை நிறுத்திவைத்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். சாப்பாடு பழையபடி இறங்கத் தொடங்கிய பிறகு மாத்திரையைத் தொடரலாம். தொடங்கும் முன் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்றையும் நான் சந்தேகிக்கிறேன். ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பு நடக்கும் நாள்களிலும் குமட்டல், வாந்தி, பேதி, தலைசுற்றல் வரும். உங்களுக்கு உடம்பு மோசமாக இருந்த நாள்களும் தெளிப்பு நடந்த நாள்களும் ஒன்றாக இருந்தனவா என்று ஒரு காலண்டரில் குறித்துப் பாருங்கள். அத்தகைய நாளில் வியர்வை கொட்டுவது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருப்பது, பார்வை மங்குவது ஆகியவை சேர்ந்தால், அது பூச்சிமருந்தின் நஞ்சாக இருக்கக்கூடும். உடுத்திய துணியை மாற்றி, உடலைச் சோப்புப் போட்டுக் கழுவி, தாமதிக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு பேதி வந்தாலும், மலத்தில் இரத்தம் கலந்திருந்தாலும் மெட்ஃபார்மினின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். அது கிருமித் தொற்றாக இருக்கக்கூடும்.

ஹார்மோன் மாத்திரைக்கு வருகிறேன். விழுங்கிய மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த மாத்திரை உடலில் சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். விடிகாலையில் விழுங்கி ஜீப்பில் வாந்தி எடுத்த நாள்களில் உங்களுக்கு நடந்தது அதுதான். இடையிடையே உதிரம் பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அது இல்லாமலேகூட முதல் மூன்று மாதங்களில் இப்படி உதிரம் படுவதும், மார்பு கனப்பதும் பலருக்கு உண்டு. இரவு படுக்கப்போகும் முன் விழுங்கினால் குமட்டலைத் தூக்கத்திலேயே கடந்துவிடலாம். மெட்ஃபார்மின் வயிற்றுக்குப் பழகிய இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு இதைத் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அந்த இடைவெளியால் தீங்கு இல்லை. மாதவிலக்கு 90 நாள்களுக்கு மேல் வராமலே இருந்தால்தான் கருப்பையின் உள்படலம் தடித்துக்கொண்டே போகும். அதைத் தடுப்பதே இந்த மாத்திரையின் வேலை. முடி வளர்ச்சியில் மாற்றம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதுவரை திரெட்டிங் செய்துகொள்வதில் தவறில்லை.

இந்த மாத்திரை எல்லோருக்கும் ஆகாது. தலைவலி வருமுன் கண்ணில் ஒளிக்கீற்றுகள் தெரிவது, இரத்த அழுத்தம், வீட்டில் யாருக்காவது இளம் வயதில் இரத்தக்கட்டு ஏற்பட்டது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இதுவரை கண்டிராத தலைவலியோடு பார்வை மங்கினாலோ, உடலின் ஒரு பக்கம் மரத்துப்போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் அம்மாவின் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. கருத்தடை என்பது அந்த மாத்திரையின் பயன்களில் ஒன்று. மாதவிலக்கைச் சீராக்குவது இன்னொன்று. உங்களுக்கு எழுதப்பட்டது இரண்டாவதற்காக. பின்னாளில் பிள்ளை பிறப்பதை அது தடுக்காது; நிறுத்தினால் அதன் செயலும் நின்றுவிடும். இதை என் எழுத்தில் படிப்பதைவிட, சீட்டு எழுதிய மருத்துவரே நேரில் சொல்லக் கேட்டால் அம்மாவுக்கு மனம் ஆறும். அடுத்த முறை போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். மீதமிருக்கும் அட்டைகள், தெளிப்பு நாள்களைக் குறித்த காலண்டர், வேறு யாராவது சொல்லிக் குடித்த கஷாயம் இருந்தால் அதன் விவரம் எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வையுங்கள். காலை ஆறு மணிக்கு ஜீப் என்பதையும், ஒன்பது மணிக்கு மேல்தான் சாப்பாடு என்பதையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். திரும்பி வந்து ஊரில் மருந்து வாங்கும்போது, எஸ்.ஆர். என்ற எழுத்துகள் சீட்டிலும் அட்டையிலும் இருக்கின்றனவா என்று கடையிலேயே நின்று பார்த்து வாங்குங்கள்.