சனிக்கிழமை மதியமும் ஆப்பெராவும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆப்பெரா என்கிற மேற்கத்திய இசை நாடகத்தை சினிமா தியேட்டரில் போய்ப் பார்த்ததாக அடிக்கடி எழுதுகிறீர்கள். இரண்டு சந்தேகங்கள். நியூயார்க் மேடையில் நடப்பதை வேறு ஊரில் திரையில் பார்ப்பது, கல்யாணத்துக்குப் போகாமல் கல்யாண வீடியோ பார்ப்பது மாதிரி இல்லையா? அப்புறம், ஒரு வார்த்தையும் புரியாத பாட்டை நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்பதில் நிஜமாகவே ரசனை இருக்கிறதா, இல்லை கொஞ்சம் பந்தாவும் கலந்திருக்கிறதா? கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

கோபமெல்லாம் இல்லை. பந்தா காட்டுவதற்கு எதிரே ஆள் வேண்டுமே! டொராண்டோவில் நான் போகிற தியேட்டரில் சனிக்கிழமை மதியம் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். இடைவேளையில் பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்துத் தின்றபடியே, இன்றைக்கு டெனருக்கு, அதாவது உச்சக் குரலில் பாடும் ஆண் பாடகருக்கு, தொண்டை சரியில்லை என்று ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார்கள். பக்கத்து அரங்கில் கார் வெடிக்கிற படம் ஓடினால் அந்த அதிர்வும் சுவர் வழியாக வந்து சேரும். இந்த இடத்தில் என்னத்தைப் பந்தா காட்டுவது?

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பெரா, சுருக்கமாக மெட், 1931 முதலே சனிக்கிழமை மதியக் காட்சியை வானொலியில் ஒலிபரப்பி வந்தது. 2006-இல் பொறுப்புக்கு வந்த பீட்டர் கெல்ப் அதையே செயற்கைக்கோள் வழியாக சினிமா தியேட்டர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார். அந்த வருடம் டிசம்பர் 30-ஆம் தேதி மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' முதலில் போனது. அங்கே மதியம் ஒரு மணி என்றால் எங்களுக்கும் ஒரு மணிதான். கலிபோர்னியாக்காரர்கள் காலைப் பலகாரம் முடித்த கையோடு வர வேண்டும்.

உங்கள் கல்யாண வீடியோ கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மெட் அரங்கில் ஏறக்குறைய 3,800 இருக்கைகள். பாடுகிறவர்களுக்கு மைக் கிடையாது. கீழே குழியில் முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்துக்கொண்டிருக்க, அதைத் தாண்டி ஒற்றை மனிதக் குரல் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். ஆப்பெராவின் வித்தையே அதுதான், தியேட்டரில் தொலைவதும் அதுதான். சின்னக் குரலும் மலை மாதிரிக் குரலும் ஸ்பீக்கர் வழியாக ஒரே அளவில் வரும். திரையில் பார்த்துவிட்டு இன்னாருக்குப் பெரிய குரல் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் முகம் கிடைக்கிறது. மெட்டின் மேல்மாடியில் உட்கார்ந்தால் பாடகி கட்டைவிரல் உயரம்தான் தெரிவார். இங்கே உச்ச ஸ்தாயிக்கு முன்னால் அவர் மூச்சை இழுப்பது, கண் ஒரு நொடி இசை நடத்துநர் பக்கம் போய்த் திரும்புவது எல்லாம் தெரியும். முக்கியமாக இது வீடியோ இல்லை, அந்த நிமிடத்தில் நடந்துகொண்டிருப்பது. 2014 ஏப்ரல் 4, வெள்ளி இரவு கிறிஸ்டீன் ஓபொலாய்ஸ் என்ற பாடகி மெட் மேடையில் முதல் தடவையாக 'மேடம் பட்டர்ஃப்ளை' பாடினார். மறுநாள் மதியம் 'லா போஹெம்' ஒளிபரப்பு. அதில் கதாநாயகி மிமியாகப் பாட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை. காலை ஏழரைக்கு ஓபொலாய்ஸுக்கு போன் போகிறது. ராத்திரி அவர் சரியாகத் தூங்கவே இல்லை. அப்படியும் ஒப்புக்கொண்டு, மெட்டில் அதுவரை பாடியிராத பாத்திரத்தை அத்தனை நாட்டுத் தியேட்டர்களும் பார்த்துக்கொண்டிருக்கப் பாடி முடித்தார். கெல்ப் மேடைத் திரைச்சீலைக்கு முன்னால் வந்து விஷயத்தைச் சொன்னதும் எங்கள் அரங்கில் சாண்ட்விச் கவர் சத்தம்கூட நின்றுவிட்டது. மிமி காசநோய்க்காரப் பெண், அதனால் தூக்கம் கெட்ட முகம் ஒன்றும் குறையாகப் படவில்லை.

சரி, மொழி. திரையின் அடியில் சப்டைட்டில் ஓடும், அதனால் கதை புரியாத பிரச்சினை இல்லை. சில ஆப்பெராக்களில் புரியாமல் இருந்தால் தேவலை என்று தோன்றும். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸே 1863-இல் போட்ட 'முத்துக்குளிப்போர்' நடக்கிற இடம் சாட்சாத் நம் இலங்கை. மன்னார்க் கடலில் மூச்சடக்கி முத்துக்குளித்தவர்கள் பரதவர்களும் முஸ்லிம்களும் என்று நமக்குத் தெரியும். பாரிஸில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. முதலில் கதையை மெக்சிகோவில்தான் வைத்திருந்தார்கள், அப்புறம் இலங்கைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைவன் பெயர் ஸுர்கா, பூசாரி பெயர் நூராபாத், எல்லோரும் சேர்ந்து கும்பிடுவது பிரம்மாவை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மெட் அதை 2016 ஜனவரியில் ஒளிபரப்பியது. முன்னிசை தொடங்கும்போது மேடை முழுக்கக் கடல், கயிற்றில் தொங்கும் ஆட்கள் உச்சியிலிருந்து அடிவரை நீந்தி இறங்குவார்கள். கயிறு இருப்பது தெரிந்தும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் ஸுர்காவும் அவன் நண்பன் நாதிரும், இருவரையும் ஒரு காலத்தில் மயக்கிய பெண்ணை நினைத்துப் பாடும் டூயட். அடியில் ஹார்ப், கூடவே புல்லாங்குழல், அந்தப் பாட்டை இரண்டு ஆண் குரல்கள் சேர்ந்து தூக்கிக்கொண்டு போகும்போது பிரம்மாவாவது கிம்மாவாவது, சப்டைட்டிலையே நான் பார்க்கவில்லை. உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

நேரலை என்றால் இந்தியாவில் ராத்திரி பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை ஆகிவிடும். மும்பையில் என்சிபிஏ என்கிற கலை அரங்கில் பதிவுகளைத் திரையிடுவதுண்டு. அவ்வளவு தூரம் முடியாது என்றால் மெட்டின் இணையச் சேவைக்குச் சந்தா கட்டிப் பழைய ஒளிபரப்புகளை வீட்டிலேயே பார்க்கலாம், நல்ல ஹெட்போன் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'லா போஹெம்'-இல் ஆரம்பியுங்கள், இடைவேளையைக் கழித்தால் இரண்டு மணி நேரம்கூட வராது. மணிக்கணக்கில் நீளும் வாக்னரின் ஆப்பெராக்கள் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

அன்புடன்